பாமர் கட்சியும் புரூஃபர்டு கட்சியும்

அதியமான்கோட்டை
12-1-1976

மாப்பிள்ளைக்கு,

மேலே சேசு மரி சூசை போடாமல் விட்டிருக்கிறேன். மறதி இல்லை. இந்தக் கடிதத்தில் வருகிற காரியத்துக்கு அந்தத் திருக்குடும்பத்தைச் சாட்சிக்கு இழுக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

உங்கள் இங்கிலீஷ் இசைத்தட்டு இரண்டு என் வீட்டில் இருக்கின்றன. பதினாறு மாதத்துக்கு முன்னால் ஞானமேரி பெங்களூரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த தகரப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் இருந்தன. கூடப்பிறந்தவள் பெட்டியை அண்ணன்காரன் துழாவலாமா என்று கேட்பீர்கள். துழாவினேன். இது முதல் பாவம். அதில் ஒன்றைக் கம்பைநல்லூரில் ஒரு காதுகுத்துக்குக் கொண்டுபோய் மைக் செட்டில் போட்டேன். இது இரண்டாவது. அதற்காக எனக்கு விழுந்த அடியைப் பாவக் கணக்கில் சேர்ப்பதா பரிகாரக் கணக்கில் சேர்ப்பதா என்று பங்குச் சாமியாரைத்தான் கேட்க வேண்டும்.

விஷயம் இதுதான். காதுகுத்து சென்றாயன் வீட்டில். நிலபுலன் உள்ள குடும்பம், பந்தலே அரை ஏக்கர். புளியமரத்தில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தேன். என்னிடம் இருந்த தட்டுகள் எல்லாம் காலை டிபனுக்குள் இரண்டு சுற்று ஓடிவிட்டன. சென்றாயன் வந்து என் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு, "ஏய்யா செபாஸ்டின், இதையேதான் போன வருசம் எங்க சித்தப்பன் கருமாதிக்கும் போட்ட. புதுசா ஒண்ணும் கெடையாதா உங்கிட்ட?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். தொழில்காரனுக்கு மானம் இருக்கிறதா இல்லையா? அட்டைப் படம் நன்றாக இருந்த உங்கள் தட்டை எடுத்துப் போட்டுச் சத்தத்தையும் கூட்டி வைத்தேன்.

சரியாக அந்த நேரத்தில் தாய்மாமன் அர்ச்சுனன் சீர்வரிசையோடு தெருமுனை திரும்புகிறார். பதினேழு சீர்த் தட்டு. முன்னால் உள்ளூர் மேளம், பின்னால் தட்டு தூக்கிய பெண்கள். உங்கள் தட்டில் ட்ரம்ஸ் அடிக்கிற ஆளின் அடிக்குள் உள்ளூர் மேளம் சிக்கிக்கொண்டதாம். அவர்களும் கூடச் சேர்ந்து அடித்துப் பார்த்தார்களாம். நாலு என்று எண்ணிக் கால் வைத்தால் அது ஏழில் போய் முடிகிறதாம். பெண்கள் ஒருத்தி குதிகாலை ஒருத்தி மிதித்து, வாழைப்பழத் தட்டு நேராகச் சாக்கடைக்குள் போனது. தன் சீரைக் கேலி பண்ணத்தான் மச்சான் இப்படி ஏற்பாடு பண்ணியிருக்கிறான் என்று அர்ச்சுனன் மீதிப் பதினாறு தட்டையும் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மாமன் மடி இல்லாமல் யார் மடியில் வைத்துக் காது குத்துவது? ஆசாரி ஊசியைத் துணியில் மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். குழந்தைக்கு இன்றுவரை காது மூளியாகத்தான் இருக்கிறது. எனக்கு முதுகில் இன்னும் வலி இருக்கிறது.

உங்கள் இசைத்தட்டுகள் பத்திரம். ஒன்றில் மட்டும் கொஞ்சம் வெற்றிலைச் சாறு.

ஞானமேரி இருக்கிறாள். சமைக்கிறாள், துவைக்கிறாள், பேசுவதில்லை. வந்த அன்றைக்குச் சொன்னதுதான்: "சவரியைக் காலையில பொதைச்சுட்டுச் சாயங்காலம் ஓட்டல்ல ட்ரம்ஸ் அடிக்கப் போன மனுசனோட என்னால இருக்க முடியாதுண்ணா." அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. நாலு வயதுப் பிள்ளை. நானும் உங்களுக்கு எழுதவில்லை. என்ன என்று எழுதுவது? எழுத ஒரு காரணம் அகப்படட்டும் என்று இருந்தேன். அகப்பட்டது, அடி உதையோடு.

தபாலில் அனுப்பினால் தட்டு உடையும். நீங்களே ஒரு நடை வந்து வாங்கிக்கொண்டு போகலாம். வந்தால் வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போகத் தோன்றினாலும் தோன்றும்.

செபாஸ்டின்

பி.கு: அட்டையைப் படித்தேன். எமர்சன், லேக், பாமர் என்று மூன்று பேரின் பெயரையும் வரிசையாக, வக்கீல் ஆபீஸ் போர்டு மாதிரி போட்டிருக்கிறார்கள். ட்ரம்ஸ் அடிக்கிறவர் கார்ல் பாமராமே. உலகத்திலேயே பெரிய ட்ரம்ஸ்காரர் அவர்தான் என்பதில் கம்பைநல்லூரில் இரண்டு கருத்து இல்லை.


பெங்களூர்
19-1-1976

மச்சான் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வெற்றிலைச் சாற்றை ஈரத் துணி போட்டுத் தேய்க்க வேண்டாம். பஞ்சை லேசாக நனைத்து, தட்டு சுற்றுகிற திசையிலேயே துடைக்க வேண்டும். அவை கடையில் கிடைக்கிற தட்டுகள் இல்லை. எங்கள் ஓட்டலில் ஒரு மாதம் தங்கியிருந்த ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது எனக்குக் கொடுத்தவை. என்னிடம் முப்பது தட்டு இருக்கிறது. எனக்கு உயிரான இரண்டைப் பார்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். எதற்காக என்று எனக்குத் தெரியவில்லை. கோபத்தில்தான் இருக்கும்.

கம்பைநல்லூர் ஒத்துக்கொண்டது என்பதற்காக நான் ஒத்துக்கொள்ள முடியாது. பாமருக்குக் கை வேகம், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இடம் கண்ட இடத்தில் எல்லாம் கொட்டுகிறவர். பெரிய ட்ரம்ஸ்காரர் வேண்டும் என்றால் இன்னொரு தட்டைப் போடுங்கள். கிங் கிரிம்சன் என்று போட்டிருக்கும். அடிப்பவர் பில் புரூஃபர்டு. அவர் எங்கே அடிக்கிறார் என்று பார்க்க வேண்டாம். எங்கே அடிக்காமல் விடுகிறார் என்று பாருங்கள். நீங்கள் எதிர்பார்க்கிற இடத்தில் ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றும் இல்லாத இடம்தான் பாட்டைத் தூக்கி நிறுத்தும். மனிதர் யெஸ் என்கிற குழுவில் இருந்தார். பெயரும் கூட்டமும் சேர்ந்து வந்த நேரத்தில் போதும் என்று எழுந்து கிங் கிரிம்சனுக்குப் போனார். பாமர் அப்படி எதையும் விடமாட்டார். ஒரு சிம்பலைக்கூட விடமாட்டார்.

நான் நன்றாக இருக்கிறேன். தினமும் சாயங்காலம் வாசிக்கிறேன். கூட்டம் நன்றாக வருகிறது.

அவளுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? வருவதைப் பற்றிப் பிறகு பார்ப்போம். அவள் முகத்தில் விழிக்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

பெரியநாயகம்


அதியமான்கோட்டை
23-2-1976

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் சொன்ன மாதிரியே பஞ்சால் துடைத்தாயிற்று. துடைத்த கையோடு இரண்டு தட்டையும் வீட்டு பிளேயரில் நாலைந்து தடவை ஓட்டியுமாயிற்று. அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். தீர்ப்பு மாறவில்லை. இந்த வீடு பாமர் கட்சி.

காரணம் சொல்கிறேன். பாமர் இடம் பார்க்காமல் கொட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். எண்ணெய் காய்ந்ததும் கடுகு போட்டால் படபடவென்று வெடிக்கும் இல்லையா, கேட்கிறவனுக்கு ஒரே இரைச்சல். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்குத்தான் தெரியும், ஒவ்வொரு கடுகும் தனித்தனியாக, தன் நேரத்துக்கு வெடிக்கிறது என்று. பாமர் அப்படி. ஒன்று இன்னொன்றின் மேல் விழுவதில்லை. உங்கள் புரூஃபர்டைச் சொல்லுங்கள். உரலில் நெல்லைப் போட்டு இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுகிறார்கள். ஒருவர் போடும்போது மற்றவர் ஓங்க வேண்டும். உலக்கை விழும் என்று நாம் கையை இழுத்தால் இந்த மனிதர் போடமாட்டார், கையை நீட்டினால் போடுவார். இவரோடு சேர்ந்து ஒருத்தி நெல் குத்த முடியுமா? இவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும், குடித்தனத்துக்கு ஆவாரா?

ஊர்ச் செய்தி: அர்ச்சுனனும் சென்றாயனும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. காது இன்னும் குத்தவில்லை. அதனால் கம்பைநல்லூர்ப் பக்கம் என் செட்டை எவரும் கூப்பிடுவதில்லை. இப்போது எனக்கு வாடகை தருகிறது குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் ஒன்றுதான். நாற்பத்தேழு வயதாகியும் ஒரு பெண்ணும் ஏறெடுத்துப் பார்க்காத நான், ஜீப்பில் குழாய் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், அளவோடு பெறுங்கள் என்று அறிவிக்கிறேன். மாதம்மாள் என்று ஒரு கிழவி வண்டியை மறித்து, "நீ எத்தனை பெத்துட்டு வந்து இங்க கத்தற?" என்று கேட்டாள். ஜீப்பில் இருந்த டாக்டர் முதற்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஒரு நல்ல செய்தி. ஞானமேரி வாயைத் திறந்திருக்கிறாள். தட்டு ஓடும்போது அடுப்படியை விட்டுக் கூடத்துக்கு வந்து உட்காருகிறாள். முடிந்ததும் ஒன்றிரண்டு வார்த்தை சொல்கிறாள். பதினேழு மாதத்தில் இந்த வீட்டில் முதல் தடவையாகப் போன வெள்ளிக்கிழமை மீன் குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

செபாஸ்டின்


பெங்களூர்
15-3-1976

மச்சான் அவர்களுக்கு,

கடுகு, உலக்கை, உரல். மைக் செட்டை விற்றுவிட்டு அடுப்படி வேலைக்குப் போய்விட்டீர்களா?

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்று இன்னொன்றின் மேல் விழுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது உண்மை. நான் அவரை ஐந்து வருஷமாகக் கேட்கிறேன், அதை அப்படி யோசித்ததில்லை. உங்களுக்கு இவ்வளவு நுட்பமான காது இருக்கிறது என்று தெரியாமல் போயிற்று. ஊரில் பங்குக் கோயில் பேண்டில் நான் பெரிய ட்ரம்மைக் கட்டிக்கொண்டு அடித்த காலத்தில், நீங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சுருட்டுப் பிடித்ததுதான் நினைவில் இருக்கிறது.

ஆனால் உலக்கைக் கணக்கு தப்பு. புரூஃபர்டு தன்னோடு வாசிக்கிறவரை ஏமாற்றவில்லை. கூட இருக்கிறவர் தானாக எழுந்து வர இடம் விடுகிறார். இந்தத் தகவலைப் பாருங்கள். கிங் கிரிம்சனின் இன்னொரு தட்டில் ஒரு பாட்டு முழுக்க அவர் ஒரு அடிகூட அடிக்கவில்லை. குச்சிகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாராம். பாட்டை உண்டாக்கியவர்கள் என்று நாலு பெயர் போட்டிருக்கிறார்கள். நாலாவது பெயர் அவருடையது. அடிக்காமல் இருந்ததற்குப் பெயர். இதற்கு உங்கள் பாமர் கட்சி என்ன சொல்கிறது?

இங்கே இதையெல்லாம் பேச எனக்கு ஆள் இல்லை. உங்கள் கடிதம் வந்தால் அன்று முழுக்க அதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சண்டைதான் போடுகிறோம், ஆனால் வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கிறது.

தட்டு ஓடும்போது அவள் எந்த இடத்தில் எழுந்து போகிறாள், எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்து எழுதுங்கள்.

பெரியநாயகம்


அதியமான்கோட்டை
10-5-1976

மாப்பிள்ளைக்கு,

பதில் தாமதம். இரண்டு மாதமாக இந்த வீட்டில் உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு விசாரணை நடந்தது.

முதலில் நாலாவது பெயர். ஒருத்தி பந்திக்குச் சமைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாள், சாப்பிட்டவர்கள் அவளையும் கூப்பிட்டு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்லட்டும். ஆண்பிள்ளைகளுக்குச் சும்மா இருந்ததற்கும் மாலை விழும் போலிருக்கிறது.

இனி வேடிக்கையை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். பாமர் நிறுத்துவதே இல்லை என்பது உங்கள் புகார். அந்தத் தட்டை முப்பது நாற்பது தடவை ஓட்டிய பிறகு தெரிவது இது. அவர் நிறுத்தப் பயப்படுகிறார். நிறுத்தினால் அந்த இடத்தில் வேறு ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று பயந்தவர் மாதிரி அடிக்கிறார். அது வேகம் காட்டுவது இல்லை. தாங்க முடியாத ஒன்றைக் கையாலேயே தள்ளித் தள்ளி வாசலுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைப்பது. பிள்ளை இல்லாத வீட்டில் காலையில் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாகப் போட்டுக் கழுவுகிறவர்களுக்கு அது தெரியும்.

மாப்பிள்ளை, சவரியைப் புதைத்த அன்று சாயங்காலம் நீங்கள் ஏன் போனீர்கள் என்று இப்போது புரிகிறது. நெஞ்சு இல்லாமல் போகவில்லை. வீட்டில் அந்தச் சத்தம் இல்லாமைக்குள் உட்கார முடியாமல் போயிருக்கிறீர்கள். கை ஓயாமல் அடித்திருப்பீர்கள். அழுவதை அப்படித்தான் அழுதிருப்பீர்கள். இந்த வீட்டில் இன்று அதுதான் முடிவு. அன்று உங்களைத் தப்பாகச் சொல்லிவிட்டு வந்தாயிற்றே என்றுகூட ஒரு பேச்சு.

ஜூன் 13 அந்தோணியார் திருநாள். வந்து சேருங்கள். வந்து கூட்டிக்கொண்டு போங்கள், சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. ஞானமேரி தர்மபுரி போய் உங்களுக்குச் சட்டைத் துணி எடுத்து வந்திருக்கிறாள். அளவு நினைவிருக்கிறதாம். தையல் மிஷின் இரவல் வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது, நான் அடுப்படியில் படுக்கிறேன்.

தட்டு ஓடும்போது அவள் எழுந்து போவதில்லை. எந்த இடத்திலும்.

செபாஸ்டின்


பெங்களூர்
22-5-1976

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எனக்கு நல்ல பெயர் கட்டிக் கொடுக்கப் பார்க்கிறீர்கள். நன்றி. ஆனால் அது உண்மை இல்லை. வாதத்துக்காகக்கூட நான் அதை ஒத்துக்கொள்ள முடியாது.

அன்று நான் அடிக்கவில்லை.

ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். பாடுகிறவர் எண்ணினார், கிட்டார் தொடங்கியது. என் கை எழும்பவில்லை. அடுத்த பாட்டுக்கு எழும்பும் என்று இருந்தேன். அதற்கும் எழும்பவில்லை. குச்சிகளை மார்பில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ட்ரம்ஸ் இல்லாமலேயே ஆறு பாட்டுப் பாடி முடித்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூடத் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை, மச்சான். பதினான்கு வருஷம் வாசித்தவன் நான். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. மறுநாள் வேறு ஆள் வந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் எங்கும் வாசிக்கவில்லை. தினமும் வாசிக்கிறேன் என்று எழுதியது பொய். சிவாஜிநகரில் ஒரு சைக்கிள் கடையில் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கிறேன்.

ஞானமேரியிடம் இதைச் சொல்லவில்லை. அடித்தவன் என்று அவள் என்னை வெறுத்தால் தாங்கிக்கொள்ளலாம். அதற்கும் லாயக்கில்லாதவன் என்று அவளுக்குத் தெரிவதைத் தாங்க முடியாது.

அதனால் ஒரேயடியாகச் சொல்கிறேன். பாமர் துக்கத்தில் அடிக்கிறார் என்பதெல்லாம் கட்டுக்கதை. துக்கம் விழுந்த கை எழும்பாது. எனக்குத் தெரியும். ஓயாமல் கொட்டுகிற அந்தத் தட்டை நாற்பது தடவை ஓட்டி, அதில் ஆறுதல் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறவர்களுக்குப் பிள்ளையைப் பறிகொடுப்பது என்றால் என்னவென்றே தெரியாது. அவர்கள் துக்கம் தொண்டைக்கு மேல்தான். பெற்று வளர்க்காத உங்களைச் சொல்லிக் குற்றம் இல்லை. ஆனால் இனி அந்தக் கட்சியை என்னிடம் பேசாதீர்கள்.

திருநாளுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம். கிழித்துப் போட்டுவிடுங்கள்.

பெரியநாயகம்


(தபால் கார்டு)

பெங்களூர்
4-6-1976

மச்சான் அவர்களுக்கு,

பதில் வரவில்லை. என் பேச்சு உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். 12ஆம் தேதி சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். கடையில் ஒரு வாரம் லீவு சொல்லியாயிற்று. வீட்டுக்கு வெள்ளை அடித்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள். நான் கொஞ்சம் இளைத்துவிட்டேன். சட்டை பெரிதாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

பெரியநாயகம்


அதியமான்கோட்டை
7-6-1976

மாப்பிள்ளைக்கு,

12ஆம் தேதி பஸ் ஏற வேண்டாம். ஞானமேரி இங்கே இல்லை.

உங்கள் மே மாதக் கடிதம் வந்த அன்று நான் பாலக்கோட்டில் முகாமில் இருந்தேன். தபால்காரர் நஞ்சப்பன் அதை அவள் கையில் கொடுத்திருக்கிறார். இவ்வளவு நாளும் அப்படித்தான் கொடுத்தார், அவளும் அப்படித்தான் பிரித்தாள். கிழித்துப் போடச் சொன்ன வரி கடைசியில் இருந்தது. அதற்கு வருவதற்குள் மற்ற எல்லாவற்றையும் படித்தாகிவிட்டது.

நான் வரும்போது மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கடிதத்தை நீட்டினாள். நான் படித்து முடிக்கிறவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாராண்ணா?"

ஆமாம் போலிருக்கிறது என்றேன்.

"சவரிக்கு மேளம் வைக்கலை. சின்னப் புள்ளைக்கு எதுக்குன்னுட்டாங்க. பொட்டியைத் தூக்கிட்டு சும்மாப் போனோம். அன்னிக்குச் சாயங்காலம் அவரு அடிச்சது எம் புள்ளைக்குத்தான்னு இந்த நாலு மாசமா எடுத்துக்கிட்டேன். அப்பன்காரன் அடிச்ச மேளம்னு. அதை வெச்சுத்தான் போலாம்னு இருந்தேன்." சட்டைத் துணியை மடித்துக்கொண்டே, "அதுவும் இல்லையா," என்றாள்.

எனக்குத் தெரிந்தது தமாஷ் ஒன்றுதான், அது அப்போது வரவில்லை. உங்களுக்காக வாதாடினேன். கை எழும்பாமல் போனதும் துக்கம்தானே என்றேன். "அது எனக்குத் தெரியாதாமே," என்றாள். "எந் துக்கம் தொண்டைக்கு மேலதானாமே." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

நாலாம் நாள் புறப்பட்டுவிட்டாள். ஒரு கன்னியாஸ்திரி மடத்து ஹாஸ்டலில் சமையலுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். எந்த ஊர் என்று உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சொல்லமாட்டேன். நீங்கள் வந்து என் முன்னால் நின்றால் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது, அதனால்தான் வராதீர்கள் என்கிறேன். பாமர் தட்டைத் தன்னோடு எடுத்துப் போயிருக்கிறாள். மடத்தில் பிளேயர் கிடையாது. புரூஃபர்டு இங்கே அலமாரியில் இருக்கிறார். சட்டைக்கு ஒரு கை இன்னும் வைக்கவில்லை.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பாமர் கட்சியில் நான் இருந்ததே இல்லை. வாதம் எல்லாம் அவளுடையது. உங்கள் கடிதத்தை அவள் படிப்பாள், தட்டைப் போடுவாள், யோசித்து யோசித்துச் சொல்வாள். நான் அதை என் வார்த்தையாக எழுதி, நடுவில் நாலு ஊர்வம்பைத் தூவி அனுப்புவேன். அவள் பெயரைப் போட வேண்டாம் என்றாள். சரி, நாலு மாதமாகப் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்கிறார்கள், யாருக்கும் சொல்லாமல் இன்னும் இரண்டு கடிதம் ஓட்டிவிட்டால் சேர்ந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஊரில் எத்தனையோ கல்யாணத்துக்குச் செட் கட்டியவன், இந்த ஒன்றையும் கட்டிவிடலாம் என்ற திமிர். உங்களிடம் ஒரு வரி முன்கூட்டி எழுதியிருந்தால் நீங்கள் அப்படி எழுதியிருக்கமாட்டீர்கள். இரவில் படுத்தால் அந்த ஒரு வரியைத்தான் மனதுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவும் எதற்கு அவளிடம் கேட்டு எழுத வேண்டும், எனக்கென்று ஒரு கருத்து இல்லையா என்று கேட்பீர்கள். இருபத்திரண்டு வருஷம் குழாய்க்கு அடியில் நின்றவன் நான். வலது காது அறுபத்தொன்பதில் போனது, இடது எழுபத்திரண்டில். ஞானமேரிக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் உதட்டைப் பார்த்தும் கூட்டத்தின் மூஞ்சியைப் பார்த்தும் தொழிலை ஓட்டுகிறேன். யார் பேச்சையும் மதிக்காதவன் என்று எனக்கு ஏற்கெனவே பெயர் இருந்ததால் ஊரில் எவரும் சந்தேகப்படவில்லை. அந்த இரண்டு தட்டில் எதையும் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

செபாஸ்டின்